குளோரினேற்ற வேகத்தில் வினையூக்கியின் பங்கை அளப்பது எப்படி: ரூட்டைலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

டைட்டானியம் டைஆக்சைடையும் கரியையும் கலக்கிறோம். 800 டிகிரி செல்சியஸில் குளோரின் விடுகிறோம். எடை குறைகிறது. அடுத்த நாள் அதே கலவையில் கொஞ்சம் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறோம், எடை இன்னும் வேகமாகக் குறைகிறது. உடனே குறிப்பேட்டில் 'வினையூக்கி' என்று எழுதிவிடுகிறோம்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எடை வேகமாகக் குறைய ஏழெட்டுக் காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்றுதான் வினையூக்கம். மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் அந்தச் சொல்லை எழுத வேண்டும். அந்த விலக்கலை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ரூட்டைல், அதாவது டைட்டானியம் டைஆக்சைடின் ஒரு படிக வடிவம். மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவறா கடற்கரை மணலில் கிடைக்கும் கனிமம் என்பதால் மாதிரி கிடைப்பது நமக்குக் கடினமில்லை. கார்பனோடு சேர்த்துக் குளோரினேற்றும் முறை தொழிற்சாலையில் ஓடுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சவறாவிலேயே பார்க்கலாம்.

1. முதலில் வெப்ப இயக்கவியல் கணக்கைப் போடுங்கள்

உலையைத் தொடுவதற்கு முன் காகிதத்தில் செய்ய வேண்டிய வேலை இது. அரை மணி நேரம் போதும்.

டைட்டானியம் டைஆக்சைடு குளோரினோடு மட்டும் வினைபுரிந்து டெட்ராகுளோரைடும் ஆக்சிஜனும் தர வேண்டுமானால், 1000 டிகிரியில்கூடக் கட்டிலா ஆற்றல் மாற்றம் மோலுக்குச் சுமார் +100 கிலோஜூல். அதாவது வினை முன்னே போக விரும்பவில்லை. கார்பன் கூடவே இருந்து கார்பன் டைஆக்சைடு உருவானால் அதே வெப்பநிலையில் சுமார் −295 கிலோஜூல். கார்பன் மோனாக்சைடு உருவானால் சுமார் −350 கிலோஜூல்.

இதிலிருந்து முதல் பாடம்: இந்த வினையில் கார்பன் வினையூக்கி அல்ல. அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போகும் வினைபடுபொருள், வினையில் செலவாகிறது. 'கார்பன் சேர்த்ததும் வேகம் பல மடங்கு கூடியது, எனவே கார்பன் வினையூக்கி' என்று எழுதப்பட்ட அறிக்கைகளை நான் திருத்தியிருக்கிறேன். நடக்க முடியாத வினையை வினையூக்கியால் நடக்கவைக்க முடியாது. சமநிலை எங்கே இருக்கிறதோ அங்கே சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஒரு நுணுக்கம். +100 கிலோஜூல் என்பதால் கார்பன் இல்லாமல் ஒன்றுமே நடக்காது என்று நினைக்க வேண்டாம். தூய குளோரினில் 1000 டிகிரியில் சமநிலை டெட்ராகுளோரைடின் அளவு ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். வாயு தொடர்ந்து ஓடி அதை அடித்துக்கொண்டு போவதால் எடை மெல்ல மெல்லக் குறையும். அது பிழையல்ல. அதையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், 6-ஆம் படியில் தேவைப்படும்.

2. வினையூக்கி எங்கே கைவைக்கிறது என்று முன்கூட்டியே ஊகியுங்கள்

ஊகம் இல்லாமல் பத்து உப்புகளைப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை. சேர்க்கும் பொருள் உதவக்கூடிய வழிகள் பொதுவாக மூன்று.

ஒன்று, குளோரின் சுமப்பது. இரும்பு நல்ல உதாரணம். ஃபெர்ரிக் குளோரைடு ஒரு குளோரினை விட்டுக்கொடுத்து ஃபெர்ரஸ் ஆகும், வாயுவிலிருந்து மறுபடி குளோரினை வாங்கிக்கொள்ளும். இரண்டு இணைதிறன் நிலைகளுக்கிடையே எளிதாகப் போய்வரும் உலோகங்களுக்கு இந்த வழி திறந்திருக்கிறது.

இரண்டு, கார்பன் பக்கம் வேலை செய்வது. பொட்டாசியம், சோடியம் போன்றவை கார்பன் வாயுவாக மாறுவதை வேகப்படுத்தும் என்பது கரி வாயுவாக்கத்தில் நன்கு தெரிந்த செய்தி. ஆக்சைடிலிருந்து வரும் ஆக்சிஜனைக் கார்பன் வாங்கிக்கொள்ளும் படிதான் மெதுவானது என்றால், இவை உதவும்.

மூன்று, உருகிய படலம். பொட்டாசியம் குளோரைடு 770 டிகிரியிலும் சோடியம் குளோரைடு 801 டிகிரியிலும் உருகும். இரண்டையும் ஏறத்தாழ சம மோல் கலந்தால் சுமார் 657 டிகிரியிலேயே உருகிவிடும். ஆக்சைடுத் துகளுக்கும் கரித் துகளுக்கும் நடுவே திரவம் பாலம் போட்டால் தொடர்பு கூடும். அளவு மிஞ்சினால் அதே திரவம் துளைகளை அடைத்துக் குளோரினை உள்ளே விடாமல் தடுக்கவும் செய்யும்.

உங்கள் சேர்பொருள் எந்த வழியில் உதவும் என்று நினைக்கிறீர்களோ, அதை முதல் பக்கத்தில் எழுதுங்கள். எந்தச் சோதனை அந்த ஊகத்தைப் பொய்யாக்கும் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.

3. குளோரினைத் திறப்பதற்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனமானது, தரையோரம் தேங்கும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வகுத்த அளவு வெறும் 10 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. நன்றாக இழுக்கும் ஃப்யூம் ஹுட், குளோரின் அலாரம், பொருத்தமான சுவாசக் கவசம், கூட இன்னொரு ஆள் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலை வேண்டாம்.

குழாய்: குவார்ட்ஸ் அல்லது அலுமினா. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருக்கிறதே என்று அதை வெப்பப் பகுதியில் வைக்காதீர்கள், குளோரின் அதை இரும்புக் குளோரைடாக்கி உங்கள் மாதிரிக்கே கொண்டுவந்து சேர்க்கும். இரும்பு உங்கள் வினையூக்கிப் பட்டியலில் இருந்தால் விளைவு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எடை அளக்க டி.ஜி.ஏ. (சூடேற்றியபடியே எடை அளக்கும் கருவி) பயன்படுத்தினால், பிளாட்டினக் கிண்ணமும் பிளாட்டினக் கம்பியும் கூடாது. சூடான குளோரின் பிளாட்டினத்தையும் அரிக்கும். குவார்ட்ஸ் கிண்ணம், குவார்ட்ஸ் கம்பி போடுங்கள். தராசு அறைக்குள் குளோரின் ஏறாதபடி மேலிருந்து நைட்ரஜன் எப்போதும் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். தெர்மோகப்பிள் குவார்ட்ஸ் உறைக்குள் இருக்கட்டும்.

இணைப்புக் குழாய்கள் டெஃப்லானாக இருக்கட்டும். சாதாரண ரப்பரும் சிலிக்கோன் குழாயும் சில நாட்களில் கெட்டியாகி விரிசல் விடும்.

குளோரின் உள்ளே வரும் வழியில் அடர் கந்தக அமில பபிளர் (வாயு குமிழ்ந்து செல்லும் குடுவை) வைத்து ஈரத்தை எடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு காலிக் குடுவை வேண்டும். வெளியே போகும் வழியில் பனிக்கட்டியில் வைத்த ட்ராப் (ஆவியைக் குளிர்வித்துப் பிடிக்கும் குடுவை), பிறகு ஒரு காலிக் குடுவை, பிறகு வரிசையாக இரண்டு சோடியம் ஹைட்ராக்சைடு பபிளர்கள். காலிக் குடுவை எதற்கு? உலை குளிரும்போதோ வாயு நின்றுபோகும்போதோ திரவம் பின்னோக்கி உறிஞ்சப்படும். அது சூடான குழாய்க்குள் போனால் குழாய் சிதறும்.

ஹைட்ராக்சைடு எவ்வளவு? நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர் குளோரின் ஆறு மணி நேரம் ஓடினால் 7.2 லிட்டர், அறை வெப்பநிலையில் சுமார் 0.3 மோல். அதற்கு 0.6 மோல், அதாவது 24 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு. 10 சதவீதக் கரைசல் ஒரு லிட்டர் எடுத்தால் தாராளம். கணக்கைப் போட்டுக் குடுவையில் ஒட்டிவையுங்கள். 'நேற்று மாற்றியதுதானே' என்ற பேச்சுக்கு அப்புறம் இடமிருக்காது.

பலரும் அறியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. வெளியேறும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் மிச்சக் குளோரினும் சேர்ந்தே இருக்கும். அவை குளிர்ந்த நிலையில் கிளர்வூட்டிய கரியின் மேல் பட்டால் ஃபாஸ்ஜீன் உருவாகும், கரிதான் அந்த வினைக்கு வினையூக்கி. எனவே வெளியேறும் வழியில் கரி வடிகட்டியைப் பாதுகாப்புக்காக என்று யாராவது மாட்டினால் உடனே கழற்றச் சொல்லுங்கள்.

கசிவுச் சோதனையை நைட்ரஜனோடு முடியுங்கள். அதன் பிறகு சிறிதளவு குளோரின் விட்டு, அம்மோனியாவில் நனைத்த பஞ்சின் ஆவியை ஒவ்வொரு இணைப்பருகிலும் காட்டுங்கள். வெள்ளைப் புகை வந்தால் அங்கே கசிவு.

4. மாதிரியை ஒரே தொகுப்பாகத் தயாரியுங்கள்

பாதித் தவறுகள் இந்தப் படியில்தான் பிறக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

கரியைத் தேர்ந்தெடுப்பது முதலில். நம் ஆய்வகங்களில் எளிதில் கிடைப்பது சிரட்டைக் கரி. அதன் சாம்பலில் பொட்டாசியம் நிறைய இருக்கும். பெட்ரோலியம் கோக்கில் வனேடியமும் நிக்கலும் இருக்கும். அதாவது நீங்கள் 'வினையூக்கி இல்லாத' கலவை என்று நினைத்துக்கொண்டிருப்பதில் ஏற்கெனவே வினையூக்கி இருக்கலாம்! பொட்டாசியம் சேர்த்தும் ஒரு மாற்றமும் இல்லை என்று ஒரு மாணவர் ஒரு மாதம் வருந்தினார். அவர் எடுத்தது கழுவாத சிரட்டைக் கரி. கழுவிய கரியில் அதே சோதனையைச் செய்ததும் வித்தியாசம் தெளிவாக வந்தது.

எனவே கரியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, குளோரைடு போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்துங்கள். பிறகு நைட்ரஜனில் 950 டிகிரியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆவியாகும் பொருட்கள் முன்பே போய்விட்டால் அவை பின்னர் எடை இழப்பாக வேடம் போடாது. கழுவிய கரியின் சாம்பல் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆக்சைடு ரூட்டைலாகவே இருக்கட்டும். அதே ஆக்சைடின் இன்னொரு படிக வடிவமான அனட்டேஸ் வேண்டாம். அனட்டேஸ் ரூட்டைலைவிட வேகமாகக் குளோரினேறும், தவிர சூட்டில் ரூட்டைலாக மாறும். இரும்பு, மாங்கனீசு, தாமிரம் ஆகியவற்றின் ஆக்சைடுகள் அந்த மாற்றத்தையே வேகப்படுத்தும். சேர்பொருள் குளோரினேற்றத்தைத் தொட்டதா, படிக வடிவத்தைத் தொட்டதா என்று பிரிக்க முடியாமல் போகும்.

இப்போது ஆக்சைடையும் கரியையும் ஒன்றாக அரையுங்கள். ஒரே ஒரு பெரிய தொகுப்பு. முழு ஆய்வுக்கும் போதுமான அளவு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஆக்சைடுத் துகளுக்கும் கரித் துகளுக்கும் இடையேயான நெருக்கம் வேகத்தைப் பெரிதும் மாற்றும். உப்பு சேர்த்து அரைத்தால் உப்பே அரைப்பதற்கு உதவித் துகளைச் சிறிதாக்கிவிடலாம். அப்போது நீங்கள் அளப்பது அரைக்கும் இயந்திரத்தின் திறமை.

கரி எவ்வளவு? 80 கிராம் ஆக்சைடுக்கு, எல்லாம் மோனாக்சைடாகப் போனால் 24 கிராம் கார்பன் செலவாகும். கலவையில் அது 23 சதவீதம். 30 சதவீதம் வைத்தால் கடைசிவரை கரி தீராது.

அரைத்த தொகுப்பைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் சேர்பொருளின் நீர்க்கரைசலை ஊற்றிக் கிளறி 110 டிகிரியில் உலர்த்துங்கள். சேர்பொருள் இல்லாத பங்குக்கும் அதே அளவு வெறும் நீர், அதே கிளறல், அதே உலர்த்தல். நனைந்து உலர்வதே தூளின் கட்டமைப்பை மாற்றும். அந்த மாற்றம் இருபக்கமும் சமமாக இருக்க வேண்டும்.

அளவை எடைச் சதவீதத்தில் ஒப்பிடாதீர்கள். ஒரு சதவீதம் சோடியம் குளோரைடில் இருக்கும் மோல் எண்ணிக்கை, ஒரு சதவீதம் சீசியம் குளோரைடில் இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக்சைடின் ஒரு மோலுக்கு எத்தனை மோல் உலோக அயனி என்றே எழுதுங்கள்.

5. குளோரின் போதுமா என்று கணக்குப் பாருங்கள்

நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வாயு, அதில் 20 சதவீதம் குளோரின் என்று வையுங்கள். அது நிமிடத்துக்குச் சுமார் 0.00083 மோல். ஒரு மோல் ஆக்சைடுக்கு இரண்டு மோல் குளோரின் வேண்டும். எனவே இந்த ஓட்டம் முழுவதும் செலவானாலும் நிமிடத்துக்கு 33 மில்லிகிராம் ஆக்சைடுக்குமேல் போக முடியாது.

நீங்கள் நிமிடத்துக்கு 10 மில்லிகிராம் வேகம் காண்கிறீர்கள் என்றால், குளோரினில் முப்பது சதவீதம் ஏற்கெனவே தின்னப்பட்டுவிட்டது. தூளின் மேல்பகுதி பார்க்கும் குளோரினும் அடிப்பகுதி பார்க்கும் குளோரினும் வேறு வேறு. அந்த நிலையில் எவ்வளவு நல்ல வினையூக்கி போட்டாலும் வேகம் பெரிதாகக் கூடாது. 'பலனில்லை' என்று தவறாக முடிவெடுப்பீர்கள்.

செலவு ஐந்து சதவீதத்துக்குள் இருக்கட்டும். மேலே சொன்ன ஓட்டத்தில் அது நிமிடத்துக்கு 1.6 மில்லிகிராம் ஆக்சைடு. மாதிரியைக் குறைத்து, வெப்பநிலையைக் குறைத்து, ஓட்டத்தைக் கூட்டி இதற்குள் கொண்டுவாருங்கள். மிக வேகமான மாதிரியை வைத்து இந்தக் கணக்கைச் செய்யுங்கள். வெறும் மாதிரியில் சரியாக இருந்தது வினையூக்கி போட்டதும் எல்லை மீறும்.

அப்புறம் மூன்று சிறு சோதனைகள்: ஓட்டத்தை இரட்டிப்பாக்குங்கள், தூளின் உயரத்தைப் பாதியாக்குங்கள், துகள் அளவை மாற்றுங்கள். முதல் இரண்டில் வேகம் மாறினால் நீங்கள் அளப்பது குளோரின் வந்துசேரும் வேகத்தை, வினையின் சொந்த வேகத்தை அல்ல. மூன்றாவதில் பரப்பளவுக்கு ஏற்ற மாற்றம் வர வேண்டும்.

6. பிளாங்க் ஓட்டங்களை (ஒப்பீட்டுக்கான வெற்றுச் சோதனைகளை) முதலில் முடியுங்கள்

வினையூக்கி போட்ட மாதிரியை முதல் நாளே ஓட்டிப் பார்க்க ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். பொட்டாசியமோ இரும்போ ஒருமுறை குழாய்க்குள் போனால் சுவரில் படியும், அடுத்த ஓட்டத்தில் ஆவியாகி வெறும் மாதிரிமேல் விழும். காரக் குளோரைடுகள் குவார்ட்ஸை வெண்மையாக்கி நொறுங்கவும் வைக்கும். எனவே சேர்பொருள் இல்லாத எல்லா ஓட்டங்களும் முதலில், புதிய குழாயில்.

இந்த வரிசையில் செய்யுங்கள்:

வெறும் கிண்ணம், வாயு மாற்றம் மட்டும். நைட்ரஜனிலிருந்து குளோரின் கலவைக்கு மாறும்போது மிதப்பு விசையும் இழுவையும் மாறி, எடை மாறியதுபோல் தோன்றும். அந்தத் தாவலைப் பிற்பாடு கழிக்க வேண்டும்.

கரி மட்டும், குளோரினில். எடை நிலையாக இருக்க வேண்டும். குறைந்துகொண்டே போனால் எங்கோ காற்று கசிகிறது. இது மிக முக்கியம்: கசியும் ஆக்சிஜனில் கரி எரிவதையும் பொட்டாசியம் வேகப்படுத்தும். ஒரு சின்னக் கசிவு போதும், வினையூக்கம் போலவே ஓர் அழகான வளைவு வந்துவிடும்.

ஆக்சைடு மட்டும், குளோரினில். முதல் படியில் சொன்ன மெதுவான இழப்பு இதுதான்.

ஆக்சைடும் கரியும், நீரில் நனைத்து உலர்த்தியது. இதுவே உங்கள் அடிப்படை. குறைந்தது மூன்று முறை.

கடைசியாக, வேறு குழாயில்: சேர்பொருளைக் குவார்ட்ஸ் தூளின்மேல் ஏற்றி அதே அட்டவணையில் ஓட்டுங்கள். பொட்டாசியம் குளோரைடின் ஆவி அழுத்தம் சுமார் 821 டிகிரியில் ஒரு மில்லிமீட்டர் பாதரசம், சோடியம் குளோரைடுக்கு அது சுமார் 865 டிகிரியில். அந்தச் சூட்டில் ஓடும் வாயு உப்பைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். ஃபெர்ரிக் குளோரைடு இன்னும் மோசம், 320 டிகிரிக்குள்ளேயே ஆவியாகிவிடும். ஐந்து சதவீதம் ஃபெர்ரிக் ஆக்சைடு சேர்த்தால் முதல் சில நிமிடங்களில் அதுவே குளோரினேறி வெளியேறி, 'ஆரம்ப வேகம் அபாரம்' என்று உங்களை நம்பவைக்கும்.

7. அளவீட்டு ஓட்டம்

சுமார் 50 மில்லிகிராம் மாதிரியை மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். நைட்ரஜனில் வெப்பநிலைக்குக் கொண்டுபோய், சரியாக 20 நிமிடம் நிறுத்துங்கள். எல்லா ஓட்டத்திலும் அதே 20 நிமிடம். நேரம் கூடினால் உப்பு ஆவியாகி அளவு குறையும்.

பிறகு குளோரின் கலவைக்கு மாற்றுங்கள். நேரத்தின் தொடக்கப் புள்ளி வால்வைத் திருப்பிய நொடி அல்ல. 25 மில்லிமீட்டர் உள்விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள குழாயின் கொள்ளளவு சுமார் 490 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் ஓட்டத்தில் நடுவிலிருக்கும் மாதிரியிடம் குளோரின் முழுச் செறிவோடு வரவே சில நிமிடங்கள் ஆகும். இந்தத் தாமதத்தைத் 'தூண்டல் காலம்' என்று பெயரிட்டு அதற்கு விளக்கமும் எழுதியவர்கள் உண்டு. மாற்றம் 10 முதல் 40 சதவீதம்வரை உள்ள பகுதியின் சாய்வை எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் விலகும்.

வெப்பநிலையை மாதிரிக்கு அருகிலேயே அளவிடுங்கள். கார்பன் டைஆக்சைடு தரும் வழியில் மோலுக்கு 210 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வெளிவருகிறது. வேகமான மாதிரி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். கிளர்வு ஆற்றல் 150 கிலோஜூல் என்றால், 800 டிகிரியில் வெறும் 10 டிகிரி கூடினாலே வேகம் 17 சதவீதம் கூடும். உங்கள் வினையூக்கி தந்த முன்னேற்றமே 15 சதவீதம்தான் என்றால், அது தெர்மோகப்பிள் இருந்த இடத்தின் விளைவாகவும் இருக்கலாம்.

வெப்பநிலைகளை ஏறுவரிசையில் ஓட்டாதீர்கள். கலைத்து ஓட்டுங்கள். எல்லாம் முடிந்ததும் வெறும் மாதிரியை இரண்டு முறை ஓட்டுங்கள்: வினையூக்கி ஓடிய குழாயில் ஒருமுறை, புதிய குழாயில் ஒருமுறை. முதல் நாள் கிடைத்த வேகமே புதிய குழாயிலும் வந்தால் கருவிகள் நகரவில்லை. பழைய குழாயில் மட்டும் வேகம் கூடினால் சுவர் மாசடைந்திருக்கிறது. அப்படியென்றால் ஒரு மாதிரிக்குப் பின் இன்னொன்றாக அந்தக் குழாயில் ஓட்டிய எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டியதுதான். வலிக்கும், ஆனாலும் செய்யுங்கள்.

8. எடை இழப்பை மாற்றமாகக் கணக்கிடும்போது

எடை இழப்பில் ஆக்சைடும் உண்டு, கார்பனும் உண்டு. ஒரு மோல் ஆக்சைடு போகும்போது எல்லாம் டைஆக்சைடானால் 91.9 கிராம் குறையும், எல்லாம் மோனாக்சைடானால் 103.9 கிராம். வித்தியாசம் 13 சதவீதம்.

சேர்பொருள் ஆக்சைடின் வேகத்தைத் துளியும் மாற்றாமல், இந்த இரு வாயுக்களின் விகிதத்தை மட்டும் மாற்றினாலும் எடை வளைவு 13 சதவீதம்வரை நகரும். கார்பன் டைஆக்சைடு சூடான கரியோடு சேர்ந்து மோனாக்சைடாகும் வினையைக் கார உலோகங்கள் வேகப்படுத்தும் என்பதால், இது வெறும் கற்பனையான அச்சம் இல்லை.

இரண்டு வழிகளில் இதைச் சரிபார்க்கலாம். வெளியேறும் வாயுவை அகச்சிவப்பு முறையில் தொடர்ந்து அளப்பது ஒன்று. கருவி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி: ஓட்டத்தை 5, 10, 20 நிமிடங்களில் நிறுத்தி, நைட்ரஜனில் குளோரின் முழுவதையும் வெளியேற்றிக் குளிரவிட்டு, மிச்சத்தை வெந்நீரில் கழுவி உப்பை நீக்கி, காற்றில் 900 டிகிரியில் கரியை எரித்து, எஞ்சிய ஆக்சைடை நேரடியாக எடை போடுங்கள். கூடுதல் வேலைதான், ஆனால் வாயு விகிதம் பற்றிய ஐயம் முழுவதும் போய்விடும்.

ட்ராப்பில் சேரும் திரவத்தையும் பாருங்கள். தூய டைட்டானியம் டெட்ராகுளோரைடு நிறமற்றது. மஞ்சளாக இருந்தால் இரும்போ வனேடியமோ சேர்ந்திருக்கலாம். ஈரக் காற்று பட்டால் வெண்புகை கக்கும் என்பதால் ஹுட்டுக்குள்ளேயே திறவுங்கள்.

9. வேகத்தையும் கிளர்வு ஆற்றலையும் எடுத்தல்

துகள் சுருங்கிக்கொண்டே போகும், மேற்பரப்பு வினைதான் மெதுவான படி என்று கொண்டால்: எஞ்சிய பின்னத்தின் கனமூலத்தை 1-இலிருந்து கழித்து நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் சாய்வே வேக மாறிலி. நேர்கோடு வந்துவிட்டது என்பதாலேயே இந்தக் கணித மாதிரி நிரூபணமானதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு கணித மாதிரிகளும் அந்தக் குறுகிய பகுதியில் நேர்கோடாகத் தெரியும்.

குறைந்தது ஐந்து வெப்பநிலைகளில் அளந்து அர்ரீனியஸ் வரைபடம் (வேக மாறிலியின் மடக்கையைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரைவது) போடுங்கள். 800-இலிருந்து 850 டிகிரிக்குப் போகும்போது வேகம் இரட்டித்தால் கிளர்வு ஆற்றல் 150 கிலோஜூலை ஒட்டி இருக்கிறது. அதே இடைவெளியில் வேகம் 16 சதவீதம் மட்டுமே கூடினால் அது 30 கிலோஜூல்தான், அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வாயுவின் விரவல்.

இங்கேதான் மிகவும் ஏமாற்றும் பிழை ஒளிந்திருக்கிறது. வெறும் மாதிரிக்கு 150, வினையூக்கியோடு 60 என்று கிடைத்தால் மகிழ்ச்சி பொங்கும். பாடநூலிலும் வினையூக்கி கிளர்வு ஆற்றலைக் குறைக்கும் என்றுதானே படித்தோம். ஆனால் வினை வேகமானதால் குளோரின் வந்துசேரும் வேகம் தடையாகி, அதனால் எண் குறைந்திருக்கலாம். 5-ஆம் படியின் மூன்று சோதனைகளை வினையூக்கி போட்ட மாதிரியிலும், உயர்ந்த வெப்பநிலையிலும் மறுபடி செய்த பிறகே 60 என்ற எண்ணை நம்புங்கள்.

கிளர்வு ஆற்றல் மாறாமல் வேகம் மட்டும் மூன்று மடங்கானால் அதுவும் நல்ல முடிவுதான். வினை நடக்கும் இடங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று அது சொல்லக்கூடும். உருகிய படலம் பற்றிய ஊகத்துக்கு அது பொருந்தும்.

10. வினையூக்கி எந்தப் பக்கம் வேலை செய்கிறது

இரண்டு மாதிரிகள் செய்யுங்கள். ஒன்றில் சேர்பொருளைக் கரியின்மேல் மட்டும் ஏற்றி உலர்த்தி, பிறகு ஆக்சைடோடு மென்மையாகக் கலக்குங்கள். மற்றதில் ஆக்சைடின்மேல் மட்டும் ஏற்றுங்கள். இரண்டுக்கும் அடிப்படையாக, அதே போல் மென்மையாகக் கலந்த வெறும் மாதிரியும் வேண்டும். ஒன்றாக அரைத்த பழைய தொகுப்போடு இவற்றை ஒப்பிடக் கூடாது.

கரிமேல் ஏற்றியது மட்டும் வேகமானால் இரண்டாவது ஊகத்துக்கு வலு கூடுகிறது. உப்பின் உருகுநிலைக்குக் கீழேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். உருகிவிட்டால் அது இரு பக்கமும் பரவி வித்தியாசம் அழிந்துவிடும். உருகுநிலையைத் தாண்டும் இடத்தில் அர்ரீனியஸ் கோட்டில் முறிவு தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கரிக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு வாயுவை விட்டுப் பார்ப்பதும் பயனுள்ளது. வெப்ப இயக்கவியல்படி அதுவும் நடக்கும், ஆனால் திடக் கரியோடு ஒப்பிட்டால் பொதுவாக மெதுவாகவே நடக்கும். சேர்பொருள் அங்கேயும் வேகத்தைக் கூட்டினால் கார்பன் பக்கம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இந்த வாயுவுக்குத் தனி அலாரம் கட்டாயம், அதற்கு மணமே கிடையாது.

11. வேறு ஆக்சைடுக்கு மாறும்போது

படிகளின் வரிசை அப்படியே இருக்கும். விளைபொருளின் குணம் மட்டும் மாறும். டைட்டானியம் டெட்ராகுளோரைடு 136 டிகிரியில் கொதிக்கும், ட்ராப்பில் திரவமாகச் சேரும். சிர்கானிலிருந்து (சிர்கோனியம் சிலிக்கேட் கனிமம்) வரும் சிர்கோனியம் டெட்ராகுளோரைடு சுமார் 331 டிகிரியில் நேரடியாகத் திண்மமாகப் படியும், கூடவே வரும் சிலிக்கன் டெட்ராகுளோரைடு 58 டிகிரிவரை வாயுவாகவே இருக்கும். அலுமினாவிலிருந்து வரும் அலுமினியம் குளோரைடு 180 டிகிரியை ஒட்டிப் படியும்.

எனவே சிர்கானுக்கும் அலுமினாவுக்கும் உலையின் வாயிலிருந்து சேகரிப்புக் குடுவைவரை குழாயைச் சூடேற்றும் நாடா சுற்றியாக வேண்டும்: சிர்கானுக்கு 350 டிகிரிக்கு மேல், அலுமினாவுக்கு 200 டிகிரிக்கு மேல். 350 டிகிரிச் சூட்டை டெஃப்லான் தாங்காது, குடுவைவரை குவார்ட்ஸையே நீட்டுங்கள். சேகரிப்புக் குடுவையின் வாய் அகலமாக இருக்கட்டும், முன்பக்கம் ஓர் அழுத்தமானி இருக்கட்டும். அதன் முள் ஏறத் தொடங்கினால் எங்கோ படிவு அடைக்கிறது. குளோரினை மூடி, நைட்ரஜனுக்கு மாற்றி, உலையை அணைத்துவிட்டுக் குளிரும்வரை காத்திருங்கள். சூட்டோடு இணைப்பைக் கழற்றக் கூடாது.

வினையூக்கிக் கணக்கிலும் ஒரு மாற்றம் வரும். அலுமினியம் குளோரைடு சோடியம் குளோரைடோடு சேர்ந்து சோடியம் டெட்ராகுளோரோஅலுமினேட்டாக மாறக்கூடியது, அது 160 டிகிரிக்குக் கீழேயே உருகிவிடும். நீங்கள் போட்டது சோடியம் குளோரைடாக இருந்தாலும் மாதிரிக்குள் வேலை செய்வது இந்த உருகிய உப்பாக இருக்கலாம். விளைபொருளே வினையூக்கியின் முகத்தை மாற்றிவிடுவதால், அலுமினாவுக்குத் தொடக்க வேகத்தை மட்டும் ஒப்பிடாமல் 10, 40, 70 சதவீத மாற்றங்களில் தனித்தனியாக வேகம் எடுத்து ஒப்பிடுங்கள்.